பிரீமியரிலிருந்து டாவின்சிக்கு மாறலாமா? முதல் படம் எடுக்கப்போகிறவருக்கு ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். இதுவரை குறும்படங்களை எல்லாம் பிரீமியர் ப்ரோவில் எடிட் செய்திருக்கிறீர்கள். இப்போது முதல் முழுநீளப் படம், இரண்டு மாதத்தில் ஷூட்டிங். மாதாமாதம் சந்தா கட்டி அலுத்துவிட்டது. நண்பர்கள் டாவின்சி ரிசால்வுக்கு மாறச் சொல்கிறார்கள். கேமராமேன் ஃபைனல் கட் என்கிறார். அவிட் தெரியாமல் சினிமாவில் நிற்க முடியாது என்கிறார் ஒரு சீனியர் எடிட்டர். இந்த நான்கு எடிட்டிங் மென்பொருள்களில் எதை எடுப்பது, யார் பேச்சைக் கேட்பது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தை பிரீமியரிலேயே எடிட் செய்யுங்கள். டிஐ (எடிட் முடிந்த படத்துக்குக் கலர் சரிசெய்யும் வேலை) ரிசால்வில் நடக்கட்டும். ரிசால்வில் எடிட்டிங் பழக ஆசையிருந்தால் டீசர், மேக்கிங் வீடியோ போன்ற சின்ன வேலைகளில் பழகுங்கள். ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் இந்தப் பதிலை மாற்றிக்கொள்வேன்: எடிட், கலர் இரண்டையும் நீங்களே, அதே கம்ப்யூட்டரில் செய்யப்போகிறீர்கள் என்றால் முதல் நாளிலிருந்தே ரிசால்வில் தொடங்கிவிடலாம். ஏன் என்று விளக்குகிறேன். காரணம் புரிந்தால் நிலைமை மாறும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் எல்லாரும் தன் மேஜையை மட்டும்தான் பார்க்கிறார்கள். எது வேகம், எது விலை குறைவு, எதில் எஃபெக்ட் அதிகம். குறும்படத்துக்கு அது போதும், ஏனென்றால் அங்கே முதலிலிருந்து கடைசி வரை எல்லாம் நீங்கள்தான். முழுநீளப் படத்தில் கதை வேறு. ஸ்பாட் எடிட்டர் லொகேஷனில் போட்ட கட் உங்களிடம் வரும். நீங்கள் லாக் செய்ததும் (இனி கட் மாறாது என்று முடித்ததும்) படம் கலரிஸ்ட்டிடம் போகும், சவுண்ட் ஸ்டுடியோவுக்குப் போகும், விஎஃப்எக்ஸ் ஆட்களிடம் போய்த் திரும்பி வரும். அதனால் முதல் போன் கால் போட வேண்டியது சவுண்ட் டிசைனருக்கும் கலரிஸ்ட்டுக்கும். "உங்களுக்கு நான் என்ன ஃபைல் தர வேண்டும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

பெரிய படங்கள் எதில் எடிட் ஆகின்றன என்று பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை. கொரியப் படமான பாரசைட் 2019-இல் வந்தது. அது எடிட் செய்யப்பட்டது ஃபைனல் கட் ப்ரோ 7-இல். ஆப்பிள் அந்த மென்பொருளைக் கைவிட்டது 2011-இல்! சிறந்த எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அந்தப் படமும் இருந்தது. 2023-இல் அதே பிரிவில் ஆஸ்கர் வாங்கிய எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ் எடிட் ஆனது உங்களிடம் இருக்கும் அதே பிரீமியர் ப்ரோவில். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோ படங்களில் இன்றும் அவிட்தான் அதிகம். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நல்ல கட் எதிலும் வரும். அந்த எடிட்டர்களைச் சுற்றி அசிஸ்டென்ட்களும், ஃபைல் போய்வரும் வழியும் ஒழுங்காக இருந்தன. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

2011-இல் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் வயதுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஃபைனல் கட் 1999-இல் வந்தது. அவிட் வாங்க வசதியில்லாத ஒரு தலைமுறையே அதில்தான் எடிட்டிங் கற்றது. 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்ற புதியதை வெளியிட்டது. பழைய ப்ராஜெக்ட் அதில் திறக்காது. கட் விவரங்களை வேறு மென்பொருளுக்கு எடுத்துப்போகும் எக்ஸ்எம்எல், இடிஎல் ஃபைல்கள் இல்லை, சவுண்டுக்கு அனுப்ப ஓஎம்எஃப் இல்லை, பல கேமராக்களில் எடுத்ததை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேம் இல்லை. பழைய பதிப்பின் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்எம்எல் அதே செப்டம்பரிலும், மல்டிகேம் 2012 ஜனவரியிலும் வந்தன. அதற்குள் ஏராளமானோர் பிரீமியருக்கோ அவிட்டுக்கோ போய்விட்டார்கள். புதிய ஃபைனல் கட் மோசமான மென்பொருள் என்பதால் அவர்கள் போகவில்லை, எடிட் செய்ததை வெளியே அனுப்ப வழியில்லாததால் போனார்கள். எந்த மென்பொருளைப் பார்த்தாலும் "இதிலிருந்து வெளியே போகும் கதவு எது?" என்று முதலில் கேட்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

சரி, அந்தக் கதவுகளை வைத்தே நான்கையும் பார்ப்போம்.

அவிட் மீடியா கம்போசர் 1989-இல் வந்தது. இந்தியாவில் அவிட்டில் எடிட் செய்யப்பட்ட முதல் படம் என்று 1994-இல் வந்த மகாநதியைச் சொல்வார்கள். அதன் பலம் இரண்டு. ஒன்று, ட்ரிம். ஒரு கட்டை இரண்டு ஃப்ரேம் முன்னே, மூன்று ஃப்ரேம் பின்னே என்று ஓடவிட்டுக்கொண்டே தள்ளிப் பார்ப்பது அதில் வரும் அளவு வேறெதிலும் எனக்குக் கைக்கு வரவில்லை. இரண்டு, பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வது. நீங்கள் ஒரு பின்னை (க்ளிப்களை வைக்கும் ஃபோல்டரை) திறந்து வைத்திருந்தால் அசிஸ்டென்ட் அதைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. நூறு மணி நேர ஃபுட்டேஜ், மூன்று அசிஸ்டென்ட்கள், பொதுவான ஸ்டோரேஜ் என்ற நிலை வந்தால் இதன் அருமை தெரியும். தனியாக உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதன் கட்டுப்பாடுகள்தான் கண்ணில் படும். உங்கள் சீனியர் சொல்வதில் உண்மை உண்டு. பெரிய எடிட்டரிடம் அசிஸ்டென்டாகச் சேரப்போகிறீர்கள் என்றால் அவிட் கற்றுக்கொள்ளுங்கள். சொந்தப் படத்தைத் தொடங்க அது கட்டாயமில்லை.

ஃபைனல் கட் ப்ரோ, கம்ப்யூட்டர்களில் மேக்கில் மட்டும்தான் ஓடும். இன்றைய ஃபைனல் கட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு ஆள், ஒரு மேக்புக், நிறைய ஃபுட்டேஜ் என்றால் அதன் வேகத்துக்கு ஈடு கிடையாது. டாக்குமெண்டரி எடுப்பவர்கள் ஷாட்களைச் சொல் வைத்துப் பிரிக்கும் அதன் கீவேர்ட் வசதிக்காகவே அதை விடமாட்டார்கள். ஆனால் சவுண்டுக்கு ஏஏஎஃப் (ஓஎம்எஃப் போன்ற இன்னொரு வகை ஃபைல்) அனுப்ப எக்ஸ்2ப்ரோ போன்ற தனி மென்பொருள் வாங்க வேண்டும். அப்புறம், காந்தம் போல் ஒட்டிக்கொள்ளும் அதன் டைம்லைனுக்கு (ஷாட்களை வரிசையாக அடுக்கும் இடத்துக்கு) பழகிய கை மற்றதற்குத் திரும்புவது கஷ்டம். உங்கள் குழுவில் எல்லாரிடமும் மேக் இல்லை என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

பிரீமியர் ப்ரோவின் பலம் அது எல்லாரோடும் பேசும் என்பதுதான். பழைய ஃபைனல் கட்டின் எக்ஸ்எம்எல், ஏஏஎஃப், ஓஎம்எஃப், இடிஎல் எல்லாம் அதிலிருந்து போகும். கிராபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு நேரடி இணைப்பு உண்டு. அதில் வேலை தெரிந்த அசிஸ்டென்ட்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். குறை என்று பார்த்தால் சந்தா, பெரிய ப்ராஜெக்ட்டில் வரும் தள்ளாட்டம். முழுநீளப் படத்தை ஒரே ப்ராஜெக்ட் ஃபைலில் வைக்காதீர்கள். 2020-இல் வந்த ப்ரொடக்ஷன்ஸ் வசதியைப் பயன்படுத்தி ரீல் (படத்தின் ஒரு பகுதி) வாரியாகவோ நாள் வாரியாகவோ பிரித்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் திறக்கும் நேரமே பாதியாகக் குறைந்தது போல் இருக்கும்.

டாவின்சி ரிசால்வ் கலர் மென்பொருளாகப் பிறந்தது. 2009-இல் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கியது. 2017-இல் ஃபேர்லைட் சவுண்ட் பகுதியும், 2018-இல் விஎஃப்எக்ஸுக்கான ஃப்யூஷனும் உள்ளே வந்தன. இன்று எடிட்டிங் பகுதியும் நன்றாகவே இருக்கிறது. இலவசப் பதிப்பிலேயே ஒரு படத்தை முடிக்கலாம் என்பது உண்மைதான். ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். இலவசப் பதிப்பில் 3840×2160-க்கு மேல் வெளியே எடுக்க முடியாது. தியேட்டருக்குப் போகும் 2கே ஸ்கோப் (அகலத்திரை) அளவு 2048×858 என்பதால் பெரும்பாலான முதல் படங்களுக்கு இது தடையே இல்லை. இரவுக் காட்சிகளில் கிரெயின் (புள்ளிப் புள்ளியாகத் தெரிவது) அதிகமிருந்தால் அதைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் கேட்பீர்கள், அது ஸ்டுடியோவில்தான். லினக்ஸில் இலவசப் பதிப்பைப் போட்டு எச்.264 (பல கேமராக்கள் எழுதும் சுருக்கிய வீடியோ) ஃபைல் திறக்கவில்லையே என்று தவிக்காதீர்கள், அங்கே அது திறக்காது. ஒன்றை மறக்க வேண்டாம்: வாங்குவதற்கு முன், நீங்கள் ஷூட் பண்ணப்போகும் அதே கேமராவில் அதே அமைப்பில் பத்து நிமிடம் எடுத்து, உங்கள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பாருங்கள். அதே வகையைச் சேர்ந்த 10 பிட் எச்.265-இல் பல கம்ப்யூட்டர்கள் திணறும். திணறினால் மென்பொருளை மாற்றாதீர்கள், ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல் ஃபைல்) போடுங்கள்.

ரிசால்வில் புதிதாக வருபவர்கள் விழும் ஒரு பள்ளம் உண்டு. பிரீமியரில் ப்ராஜெக்ட் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு ஃபைல். ரிசால்வில் அது அதன் சொந்த லைப்ரரிக்குள் உட்கார்ந்திருக்கும். ஃபுட்டேஜ் டிஸ்க்கை மட்டும் எடுத்து வைத்துவிட்டு கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தால், மொத்த எடிட்டும் போய்விடும். முதல் வேலையாக செட்டிங்ஸில் ப்ராஜெக்ட் பேக்கப்பை ஆன் செய்து, அது வேறொரு டிஸ்க்கில் சேமிக்கும்படி மாற்றுங்கள். தினமும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்ட்டை டிஆர்பி ஃபைலாக ஏற்றுமதி செய்து தேதி போட்டு வையுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிரீமியரில் எடிட் செய்து ரிசால்வில் கலர் செய்யும்போது உண்மையில் என்ன உடைகிறது? ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டில் அண்ணனும் தம்பியும் பேசுகிறார்கள். 4கே-யில் எடுத்து 2கே டைம்லைனில் வெட்டியிருக்கிறீர்கள். தம்பியின் முகத்தைக் கொஞ்சம் நெருக்கமாக்க 130 சதவீதம் பெரிதாக்கியிருக்கிறீர்கள். அண்ணன் திரும்பும் ஷாட்டில் வேகம் மெல்லக் குறைகிறது. கையில் பிடித்து எடுத்த ஒரு ஷாட்டுக்கு ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர். பஸ் கடந்து போகும் மூன்று ஷாட்களை நெஸ்ட் செய்து ஒரே க்ளிப்பாக்கியிருக்கிறீர்கள். மேலே தமிழில் ஒரு டைட்டில்.

எக்ஸ்எம்எல் எடுத்து ரிசால்வில் திறந்தால், வெட்டுகள் எல்லாம் சரியாக இருக்கும். டிசால்வ் வந்துவிடும். தம்பியின் முகம் மட்டும் தப்பான அளவில் நிற்கும். ஏன்? பிரீமியரில் ஃபுட்டேஜை டைம்லைனுக்குப் பொருத்த இரண்டு வழி உண்டு: ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ், செட் டு ஃப்ரேம் சைஸ். முதலாவது படத்தைச் சுருக்கிவிட்டு எண்ணை 100 என்றே காட்டும். ரிசால்வுக்கு அந்தச் சுருக்கம் தெரியாது. இரண்டாவது எண்ணையே மாற்றி எழுதும், அது எக்ஸ்எம்எல்லோடு ஒழுங்காகப் போகும். எப்போதும் செட் டு ஃப்ரேம் சைஸ்தான் என்று முதல் நாளே அசிஸ்டென்ட்டிடமும் ஸ்பாட் எடிட்டரிடமும் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தால் டிஐ அறையில் ஒரு நாள் மிச்சமாகும்.

மெல்லக் குறையும் வேகம் ரிசால்வில் கிட்டத்தட்ட வரும், ஆனால் ஃப்ரேம் ஃப்ரேமாகச் சரிபார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் வராது. நெஸ்ட் செய்தது தொந்தரவு தரும், அனுப்பும் முன் பிரித்துவிடுங்கள். டைட்டிலை எதிர்பார்க்காதீர்கள், அதைக் கடைசியில் தனியாகப் போட வேண்டும். தமிழ் டைட்டில் பற்றி ஒரு வார்த்தை: பிரீமியரில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வைப் போட்டால்தான் கொம்பும் துணைக்காலும் அதனதன் இடத்தில் நிற்கும். படத்தின் பெயரே உடைந்து திரையில் வந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேர்ந்தெடுத்த ஃபாண்ட்டில் எல்லா எழுத்தையும் முதலிலேயே போட்டுப் பாருங்கள்.

இவற்றை எல்லாம் விட மோசமானது ஃபைல் பெயர். சில கேமராக்களில் கார்டை ஃபார்மேட் செய்ததும் சி0001 என்று எண் திரும்பத் தொடங்கும். இருபது நாள் ஷூட் என்றால் உங்களிடம் டஜன் கணக்கில் சி0001 இருக்கும். ரிசால்வில் ஃபுட்டேஜைத் திரும்ப இணைக்கும்போது அது பெயரையும் டைம்கோடையும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா எழுதும் நேர எண்) பார்த்துத்தான் தேடும். டைம்கோடும் பூஜ்யத்திலிருந்தே ஓடியிருந்தால் பஸ் ஸ்டாண்ட் காட்சியில் வேறொரு நாளின் சமையலறை ஷாட் வந்து உட்காரும். சில இடங்களில் இரண்டு ஷாட்டும் ஒரே செட்டில், ஒரே உடையில் எடுத்ததாக இருந்தால் அது தப்பு என்று கண்ணுக்கே தெரியாது. கார்டைக் காப்பி செய்த உடனே, எடிட் தொடங்கும் முன்பே, நாள் எண்ணையும் கார்டு எண்ணையும் முன்னால் சேர்த்துப் பெயரை மாற்றிவிடுங்கள். எடிட் தொடங்கிய பிறகு பெயரைத் தொடவே கூடாது. போனில் எடுத்த ஷாட்கள் இருந்தால் அவற்றின் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. அவற்றை 24 ஃப்ரேம்ஸுக்கு மாற்றி, புதிய ஃபைலாக்கி, அதை வைத்து எடிட் செய்யுங்கள்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி ரிசால்விலேயே இருக்கிறது. பிரீமியரிலிருந்து டைம்கோட் எரித்த (அதன் எண் படத்தின் மேலேயே தெரியும்) ஒரு ரெஃபரன்ஸ் வீடியோவை எடுத்து, ரிசால்வில் ஆஃப்லைன் ரெஃபரன்ஸ் க்ளிப்பாகச் சேர்த்து டைம்லைனோடு இணையுங்கள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வித்தியாசம் பார்க்கலாம். ஒரு ரீலை இப்படி முழுவதும் ஓட்டிப் பார்க்காமல் கலரிஸ்ட்டை வேலை தொடங்க விடாதீர்கள். எந்த மென்பொருளிலிருந்து எதற்குப் போனாலும் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது.

சவுண்டுக்குப் போவது இன்னும் நேரடியானது. அங்கே பெரும்பாலும் ப்ரோ டூல்ஸ் என்ற சவுண்ட் மென்பொருள்தான், அதற்கு ஏஏஎஃப் அல்லது ஓஎம்எஃப் கேட்பார்கள். ஓஎம்எஃப் 2 ஜிபி-க்கு மேல் போகாது, ஆகவே படத்தை ரீல்களாகப் பிரித்து அனுப்புங்கள். ஒவ்வொரு க்ளிப்புக்கும் முன்னும் பின்னும் சில வினாடி ஹேண்டில் (வெட்டிய இடத்துக்கு அப்பாலும் கொஞ்சம்) கொடுங்கள், வசனத்தின் மூச்சு அங்கேதான் இருக்கும். டயலாக், எஃபெக்ட்ஸ், மியூசிக் தனித்தனி ட்ராக்குகளில் இருக்கட்டும். நீங்கள் தற்காலிகமாகப் போட்ட சவுண்ட் எஃபெக்ட்ஸ் எல்லாம் ஒரே ட்ராக்கில் கலந்து கிடந்தால், சவுண்ட் எடிட்டர் இரண்டு நாள் அதைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகும் மாறியே ஆக வேண்டும் என்றால், மாறும் முறை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் நடுவில் மாறக் கூடாது. ஏற்கெனவே முடித்த ஒரு மூன்று நிமிடக் காட்சியை எடுத்து, ஃபுட்டேஜிலிருந்து மறுபடி புதிய மென்பொருளில் வெட்டுங்கள். பழைய கட்டைப் பார்க்காதீர்கள். சவுண்ட் போட்டு, கலர் பண்ணி, வெளியே எடுத்து, ஏஏஎஃப் அனுப்பி, சவுண்ட் ஸ்டுடியோவில் திறக்கிறதா என்று கேட்டு, எல்லாவற்றையும் முடித்துப் பாருங்கள். யூடியூபில் பத்து மணி நேரம் பார்ப்பதை விட இது நிறையச் சொல்லித்தரும், முக்கியமாக எங்கே உங்கள் கை தடுமாறுகிறது என்பதை.

கீபோர்டு பற்றி எல்லாரும் கேட்பார்கள். ரிசால்வில் பிரீமியர் கீபோர்டை அப்படியே போட்டுக்கொள்ள வசதி உண்டு. நான் அதைப் போடச் சொல்வதில்லை. ஓட்ட, நிறுத்த, தொடக்கமும் முடிவும் குறிக்க உதவும் ஜே, கே, எல், ஐ, ஓ எல்லா இடத்திலும் ஒன்றுதான். மீதியில் நீங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை அழுத்தும் பத்து கீயை மட்டும் மாற்றிக்கொண்டு மற்றதை அதன் வழியிலேயே கற்றுக்கொள்ளுங்கள். வேறொருவர் எடிட் சூட்டில் போய் உட்காரும் நாளில் கை திணறாது.

ஒரு எச்சரிக்கை. புதிய மென்பொருளில் முதல் சில வாரம் உங்கள் கட் மோசமாக இருக்கும். ட்ரிம் செய்வது சிரமமாக இருந்தால், "இரண்டு ஃப்ரேம் எடுத்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும் இடத்திலும் மனது விட்டுவிடும். ஆளே கவனிக்காமல் படம் தளர்ந்துபோவது இப்படித்தான். முதல் படத்தில் உங்களுக்கு அந்த விலை வேண்டாம் என்பதால்தான் பிரீமியரிலேயே இருங்கள் என்று சொல்கிறேன்.

சந்தா பணத்தைப் பற்றி யோசிக்கும்போது, ரிலீஸ் தேதி வரை கணக்குப் போடாதீர்கள். சென்சாரில் ஒரு வசனத்தை ம்யூட் செய்யச் சொல்வார்கள், ஒரு ஷாட்டைக் குறைக்கச் சொல்வார்கள். ஃபெஸ்டிவலுக்குச் சுருக்கமான பதிப்பு கேட்பார்கள். ஓடிடி-க்குப் போகும்போது எழுத்தில்லாத (திரையில் டைட்டில் எதுவும் இல்லாத) பிரதி கேட்பார்கள். எடிட் முடிந்து ஒரு வருடம் கழித்தும் ப்ராஜெக்ட்டைத் திறக்க வேண்டி வரும். பட்ஜெட்டில் அதுவரைக்குமான சந்தாவை எழுதிவையுங்கள். படம் முடியும் வரை மென்பொருளின் பெரிய அப்டேட் எதையும் போடாதீர்கள், புதிய பதிப்பில் சேமித்த பிரீமியர் ப்ராஜெக்ட் பழையதில் திறக்காது. அசிஸ்டென்ட்டின் லேப்டாப்பிலும் உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும்.

லாக் ஆன அன்றே ரீல் வாரியாக எக்ஸ்எம்எல், ஏஏஎஃப், இடிஎல் மூன்றையும், டைம்கோட் எரித்த ரெஃபரன்ஸையும் எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள். வேலை முடிந்ததும் உயர்தர வீடியோ ஃபார்மேட்டான ப்ரோரெஸ்ஸில் முழுப் படம், எழுத்தில்லாத பிரதி, டயலாக், மியூசிக், எஃபெக்ட்ஸ் என்று தனித்தனி சவுண்ட் ஆகியவற்றையும் அதே ஃபோல்டரில் சேர்த்து இரண்டு டிஸ்க்கில் எழுதி, இரண்டையும் இரண்டு வீட்டில் வையுங்கள். டீசருக்கு ரிசால்வில் உட்காரும்போது அந்த ஃபோல்டரிலிருந்தே ஒரு ரீலின் எக்ஸ்எம்எல்லைத் திறந்து தொடங்கலாம்.